கடைசிப் பேரு

எங்க கடைசிப் பொண்ணு கடலுக்குப் படிக்கப் போயி மொத தடவ ஊட்டுக்கு வந்தப்ப, தண்ணி ரொப்பின ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல புல்லு கொண்டாந்தா. நாடாவாட்டம் நீட்டமா, பச்சையா, ஆடி ஆடி மெதந்துக்கிட்டிருந்துச்சு. நான் மாட்டுக்கொட்டாயில சாணி வாரிக்கிட்டிருந்தேன். "இது கடலுக்கு அடியில மொளைக்கற புல்லும்மா"ன்னா. புல்லுன்னா எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து அறுத்து, கட்டி, தலையில தூக்கினவ நானு. உப்புத் தண்ணியில எந்தப் புல்லு மொளைக்கும்னுட்டு ஒரு இணுக்க எடுத்து எங்க செவலைக்கு நீட்டினேன். அது மோந்து பாத்துச்சு, நாக்கால சுருட்டிச்சு, ரெண்டு மெல்லு மென்னுச்சு, அப்பறம் வழிய உட்டுட்டு என்னை ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க, கல்யாண ஊட்டுல உப்பு அதிகமாப் போட்ட சமையக்காரன சம்மந்தி பாப்பாங்களே அப்பிடி. பொண்ணு உழுந்து உழுந்து சிரிக்கறா. "அது நம்ப பசுவுக்கு இல்லம்மா. கடலுக்குள்ளயே ஒரு பசு இருக்குது, அதுக்கு"ன்னா. கடல்பசுவாம். கொம்பு இல்ல, காலு இல்ல, ஆனா நாளு பூரா மேஞ்சிக்கிட்டே இருக்குமாம். பால் குடுக்குமான்னு கேட்டேன். "அது குட்டிக்குக் குடுக்கும்"ன்னா. அப்ப கறக்கறது யாருன்னு கேட்டதுக்கு இன்னும் சிரிச்சா. அந்தச் சிரிப்ப நெனச்சாலே எனக்கு இன்னைக்கும் வயிறு குளுந்து போவுது. அப்பிடிப்பட்ட பொண்ண அழ உட்டாங்க பாருங்க, அந்தக் கோவந்தான் எனக்கு இன்னும் ஆறல. அதச் சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய் மட்டும் நல்லாப் பேசும். கெலமங்கலம் பக்கத்துல எங்க ஊடு. ராகி, தக்காளி, கொத்துமல்லி, கொஞ்ச நாளு பட்டுப்பூச்சியும் வளத்தோம். இந்தப் பக்கம் யாரையாவது கடலுக்கு வழி கேட்டுப் பாருங்க, பஸ் ஸ்டாண்டக் கையக் காட்டுவாங்க. அத்தன தூரம். எங்க பொண்ணுங்க ஒம்பதாவது, பத்தாவது முடிச்சா ஓசூரு கம்பெனி வேன் ஊட்டு வாசல்ல வந்து ஆரன் அடிக்கும். பெரியவளும் நடுவுளவளும் அந்த வேன்லதான் போனாங்க, ஒருத்தி வாட்ச்சு பண்ற எடத்துக்கு, ஒருத்தி துணி தைக்கற எடத்துக்கு. இவ மட்டும் கிருஷ்ணகிரி காலேஜுக்குப் போறேன்னா. அங்கேர்ந்து கடலோரத்துக்கு ஒரு டூர் கூட்டிக்கிட்டுப் போனாங்க. போனவ பஸ்ஸுல ஏறாம அலையையே பாத்துக்கிட்டு நின்னாளாம், டீச்சரம்மா கையப் புடிச்சி இழுத்தாந்து ஏத்தினாங்களாம். வந்ததும் சொன்னா, நான் மேல்படிப்பு அங்கதான் படிப்பேன்னு.

எங்க ஊட்டுக்காரரு ஒத்துக்கல. அடிக்கல, திட்டல, அத நான் பொய் சொல்லக் கூடாது. ஆனா மனசு நோவற மாதிரி பேசுவாரு. "கடல்ல என்னா இருக்குதுன்னு கடல்காரங்களுக்குத் தெரியாதா? இவ போயி சொல்லித்தான் தெரியணுமா?" "கம்பெனிக்காரன் வேன் அனுப்பறான், மீன் வேன் அனுப்புமா?" அவ பெட்டியத் தூக்கிக்கிட்டு கெளம்புன அன்னைக்கு அவரு தோட்டத்துல தக்காளிக்குக் குச்சி கட்டறேன்னு போயிட்டாரு. பஸ் ஏத்திவிட நான் மட்டும் போனேன். பக்கத்துத் தோட்டத்துக் கன்னடக்காரம்மா ஒண்ணு இருக்குது, அது என்னைக் கண்டா உடாது. "நிம் மகளு நீரல்லி ஏன் மாட்தாளெ?"ன்னு கேக்கும். உன் மக தண்ணியில என்னா பண்றான்னு அர்த்தம். பட்டாணி பறிக்கறான்னு சொல்லுவேன். வேற என்னாத்தச் சொல்றது?

ஒரு தடவ நானே போயிப் பாத்தேன். தெக்கத்திக் கடல், பேரு சொன்னா வாயில நிக்காது. படகுல என்னை உக்கார வச்சிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, வாயில ஒரு குழாயக் கவ்விக்கிட்டு தொப்புனு குதிச்சிட்டா. எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. அவ கையில ஒரு கம்பிச் சட்டம், நாலு பக்கமும் ஒரே அளவு. நாத்தங்கால்ல பாத்தி பிரிக்கற மாதிரி அந்தச் சட்டத்த கடலுக்கு அடியில வச்சி, உள்ள எத்தன புல்லு இருக்குது, எத்தன காஞ்சி போச்சின்னு பாத்து, தண்ணியிலயே எழுதற பலகை ஒண்ணு வச்சிருக்கா, அதுல எழுதிக்கிட்டு மேல வருவா. திரும்ப முழுகுவா. வெயில்ல முதுவு உரிஞ்சி கெடக்குது. மூஞ்சியில கண்ணாடி அழுத்தின தடம் வட்டமா செவந்து போயிருக்குது. படகோட்டற அண்ணன் சொல்லுச்சு, "ஒங்க பாப்பா மீனவச்சியாப் பொறந்திருக்கணும்"னு. பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா வெங்காயம் வதக்கற சட்டி சூடு பட்டாலே கைய உதறுற புள்ள இப்பிடி வெந்து கெடக்குதேன்னு முந்தானையால மூஞ்சத் தொடச்சிக்கிட்டேன். கடல்காத்துன்னு சொல்லிச் சமாளிச்சிட்டேன்.

அவ கண்டுபுடிச்சது என்னான்னா, வலையப் போட்டு அடியோட இழுத்தா அந்த எடத்துல புல்லு லேசுல திரும்ப வர்றதில்ல. கடல்பசு மேஞ்ச எடத்துல திரும்ப வந்துடுது. ஏன், எப்பிடின்னு அளந்து அளந்து எழுதினா. அப்பிடி எழுதறதுக்குப் பேரு பேப்பராம். நான் தெனம் வர்ற பேப்பர்னு நெனச்சிட்டு, டீக்கடைக்குப் போற அவருகிட்ட, பொண்ணு போட்டோ வந்திருக்குதான்னு பாத்துட்டு வரச் சொன்னேன். அவரு பாத்துட்டு வந்து ஒரு சினிமாக்காரி போட்டோதான் இருக்குதுன்னாரு. அப்பறம் பொண்ணு வெவரமாச் சொன்னா. ஒலகத்துல இதே வேலை பாக்கறவங்க அவங்கவங்க பேப்பர் எழுதறப்ப, இத இன்னாரு முன்னாடியே சொல்லிட்டாங்கன்னு பேரப் போட்டு எழுதணுமாம். அதுக்கு சைட்டேசனாம். எத்தன பேரு உன் பேரச் சொன்னாங்களோ அத வச்சித்தான் உனக்கு மரியாத, உனக்கு வேலை. கேட்டதும் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. எங்கூர்ல அப்பிடியே தலகீழ். ஒரு பொம்பள பேரு எத்தன பேரு வாயில அடிபடுதோ அத்தனைக்கு மரியாத கொறையும். நல்ல ஊருக்குத்தான் போயிருக்கா என் பொண்ணுன்னு நெனச்சிக்கிட்டேன். ரேசன் கடை வரிசையில நின்னவங்க கிட்டயெல்லாம் சொன்னேன், ஆஸ்திரேலியாவுல என் பொண்ணு பேரச் சொல்றாங்க, ஜப்பான்ல சொல்றாங்கன்னு.

அப்பறம்தான் தெரியுது, அவங்க சொல்றது என் பொண்ணு பேரு இல்ல. அவங்கப்பன் பேரு.

வெள்ளக்காரன் பேப்பருக்கு அனுப்பற ஃபாரத்துல ரெண்டு கட்டம் இருக்குமாம். மொதப் பேரு ஒரு கட்டம், கடைசிப் பேரு ஒரு கட்டம். கடைசிப் பேருன்னா கடைசிப் புள்ள பேரக் கேக்கறாங்கன்னுதான் நான் நெனச்சேன், எங்களுக்கும் கடைசி இவதான, சரியாத்தான் இருக்குதுன்னேன். அது இல்லயாம். குடும்பப் பேராம். நம்பளுக்கு ஏது குடும்பப் பேரு? இனிசியல் இருக்குது, பேரு இருக்குது, முடிஞ்சிது. காலியா உட்டா ஃபாரம் நவுராதாம். அதனால இவ இனிசியல விரிச்சி அப்பன் பேரக் கடைசிக் கட்டத்துல போட்டுட்டா. தன் பேர ஒத்த எழுத்தாக் குறுக்கி, ஒரு புள்ளி வச்சி முன்னாடி நிறுத்திட்டா. ஒலகத்துல இருக்கறவங்க அந்தக் கடைசிப் பேரத்தான் சொல்லுவாங்களாம். நாலஞ்சு பேரு சேந்து எழுதினா மொத ஆளோட கடைசிப் பேர மட்டும் சொல்லிட்டு, 'மத்தவங்களும்'னு முடிச்சிக்குவாங்களாம்.

அவரு பேர நான் சொல்றதில்ல. சாமி பேருதான். அந்தச் சாமி தேர்ல வர்றப்பக்கூட 'எங்க ஊட்டுக்காரரு பேரு கொண்ட சாமி'ன்னுதான் கும்புடுவேன். நான் ஒரு நாளும் வாயத் தொறந்து சொல்லாத பேர ஜப்பான்காரன் சொல்றான். கடலப் போட்டோவுல பாத்த மனுசன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வராத மனுசன், அவரு கடல்புல்லப் பத்திச் சொன்னதா ஒலகம் பேசுது. இத பொண்ணு வெளயாட்டாப் போன்ல சொல்லிட்டா. அவ்வளவுதான், மனுசனுக்குக் காலு தரையில இல்ல. டீக்கடையில போயி, "வெளிநாட்டுல நம்ப பேருதான் ஓடுது"ன்னாரு. அவனுங்க ஒடனே சயின்டிஸ்டுன்னு பட்டம் கட்டிட்டானுங்க. "சயின்டிஸ்டுக்கு ஒரு டீ, சர்க்கர கம்மி." இவரும் திரும்பிப் பாத்து சிரிச்சிக்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல அன்னைக்குக் களியக் கட்டி கட்டியாவே கிண்டிப் போட்டேன். தின்னட்டும்.

அவ ஏன் தன் பேர அப்பிடி ஒளிச்சி வச்சான்னு கேட்டீங்கன்னா, அதுக்கு அவ பேரச் சொல்லணும். போதும்பொண்ணு. மூணாவதும் பொண்ணாப் பொறந்துட்டா. தேன்கனிக்கோட்ட ஆஸ்பத்திரியில எங்க மாமியா வந்து துணிய வெலக்கிப் பாத்தாங்க, திரும்ப மூடினாங்க, நர்சம்மா பேரு கேட்டதும் 'போதும்பொண்ணு'ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க. நர்சம்மா ஏன்னுகூடக் கேக்கல. எங்க பக்கத்துல அது புதுசில்ல, தெருவுக்கு ஒருத்தி இருப்பா. அந்தப் பேரு வச்சா அடுத்தது பையன் பொறக்கும்னு நம்பிக்க. எனக்கு அடுத்தது ஒண்ணுமே பொறக்கல. நம்பிக்க வச்சவங்களும் போயி சேந்துட்டாங்க. பேரு மட்டும் இந்தப் புள்ள தலையில உக்காந்துக்குச்சு. பள்ளிக்கொடத்துல வாத்தியாரு பேரு கூப்பிட்டா, இவ 'உள்ளேன் ஐயா' சொல்றதுக்குள்ள பசங்க 'போதும் ஐயா, போதும் ஐயா'ன்னு கத்துவானுங்களாம். வாத்தியாரும் சிரிப்பாராம். காலேஜுல போயி பேரச் சுருக்கிட்டா. அப்பிடித்தான் ஒத்த எழுத்தா ஆனது. பேப்பர்ல புள்ளி வச்சி நிறுத்தினப்ப அவளுக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சாம். வெள்ளக்காரனுக்கு இந்தப் பேரு தெரியவே வேணாம்னு இருந்துட்டா.

அப்பறம் கல்யாணம். அது ஒரு கூத்து. கடலோரத்துல அவ குடி இருந்த ஊட்டுக்காரம்மாவோட தம்பி, இங்க ஓசூரு கம்பெனியில மெசின் ஓட்டறாரு. கடல்காரப் புள்ள எங்கூருக்கு வந்து நட்டு முடுக்குது, எங்க மேட்டுக்காட்டுப் பொண்ணு அவங்கூருக்குப் போயி கடல்ல முழுகுது. பொங்கல் லீவுல பாத்துப் பேசி, முடிஞ்சிது. மாப்பிள்ள தங்கமான புள்ள. அத்த, அத்தன்னு 'செய்யுதேன், வாரேன்'னு அவரு பேசற பேச்சக் கேக்கவே நல்லா இருக்கும். ஆனா கல்யாணத்துக்கு அப்பறம் ஆதாரு, பாஸ்போர்ட்டு எல்லாத்துலயும் இனிசியல் மாத்தணும்னு சம்மந்தியம்மா புடிவாதம் புடிச்சாங்க. மாத்தினாங்க. பாஸ்போர்ட்டுல எப்பிடியோ அப்பிடித்தான் பேப்பர்லயும் இருக்கணும்னு ஆபீசுல சொல்லிட்டாங்களாம். அன்னையிலேர்ந்து எழுதினதுல எல்லாம் கடைசிக் கட்டத்துல மாப்பிள்ள பேரு. அதே ஆளு, அதே புல்லு, அதே பசு. பேரு மட்டும் வேற.

பேத்தி பொறந்து, எங்கிட்ட வளந்துச்சு. அப்பன் ஓசூர்ல ஷிப்ட்டு, அம்மா கடல்ல. வருசா வருசம் காகிதம் புதுப்பிச்சாத்தான் அவ வேலை நிக்கும், இல்லேன்னா போயிடும். குழந்த போன எடுத்து அம்மா அம்மான்னு தேய்க்கும். அப்ப பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல நெரந்தர வேலைக்குக் கூப்பிட்டாங்க. கடல் வேலைக்கு ஆபீசு பெங்களூர்ல ஏன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. அது கெடைச்சா கடலுக்கு சீசன்ல போயிட்டு, மீதி நாளு ஓசூர்ல புருசன், புள்ளயோட இருக்கலாம். வயசும் தாண்டப் போவுது, அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க. "இது கெடைக்கலேன்னா உட்டுடறேம்மா, எதனா ஸ்கூல்ல டீச்சரா போறேன்"னு சொல்லிட்டுத்தான் போனா. கடல உட்டுட்டு அவ டீச்சரா நிக்கறத என்னால நெனச்சிப் பாக்க முடியல.

இண்டர்வியூவுக்குப் போனவ மத்தியானமே ஊட்டுக்கு வந்துட்டா. பையக்கூட வைக்கல. தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து மூஞ்சக் கழுவறா, கழுவறா, கழுவிக்கிட்டே இருக்கறா. நான் போயி பக்கத்துல உக்காந்தேன். அப்பறம்தான் சொன்னா.

"இந்தப் புல்லு விசயத்துல பெரிய வேலை பண்ணினவரு ஒருத்தரு இருக்காராம்மா. நான் எழுதின எல்லாத்துலயும் அவரு பேரத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கறனாம். அவரு சொன்னதத் தாண்டி நான் சொந்தமா என்னா சொன்னேன்னு கேட்டாங்க."

"யாரு அந்த ஆளு?"

"அப்பாதான்."

எனக்கு வெளங்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. அவ முன்னாடி எழுதினதத்தான் பின்னாடி எழுதறப்ப சொல்லியாகணும், அதான மொறை. சொல்லியிருக்கறா. அவங்க கம்ப்யூட்டர்ல அது ரெண்டு ஆளா நிக்குது. ஒரு ஆம்பள சயின்டிஸ்டு, பெரிய ஆளு. அவரு சொன்னதயே சொல்லிக்கிட்டுத் திரியற ஒரு பொம்பள. அதுக்கும் மேல ஒருத்தரு, "அவரோட பேப்பரயெல்லாம் உங்க லிஸ்டுல சேத்திருக்கீங்களே, இது நாயமா?"ன்னு கேட்டாராம். வெயில்ல வெந்து, முதுவு உரிஞ்சி, இவ பெத்த புள்ளய இவளே திருடிக்கிட்டு வந்த மாதிரி. இது நான்தான் சார், கல்யாணத்துக்கு முன்னாடி பேருன்னு சொல்லியிருக்கறா. "அப்ப அந்தக் கடைசிப் பேரு?" எங்கப்பா பேருன்னிருக்கறா. "ஓ, அப்பாவும் இதே துறையா? எங்க இருக்காரு இப்ப?"ன்னு ஆசையாக் கேட்டாராம்.

"நீ என்னாடி சொன்ன?"

"தக்காளிக்கு மருந்தடிச்சிக்கிட்டு இருக்காருன்னா சொல்ல முடியும்? ரிட்டயர்டுன்னு சொன்னேன்."

அழுதுக்கிட்டே சிரிச்சிட்டா. கடைசியில அந்தத் தலைவரு, கம்ப்யூட்டர்ல எப்பிடி இருக்குதோ அப்பிடித்தான் நாங்க எடுத்துக்க முடியும், ரெண்டும் ஒரே ஆளுன்னு சரி பண்ணிக்கிட்டு வாங்க, அடுத்த கூட்டத்துல பாப்போம்னு அனுப்பிட்டாராம். நான் கேக்கறேன், எதிர்ல ஆளு உக்காந்திருக்குது. மூஞ்சியில கண்ணாடித் தடம் இருக்குது. புல்லப் பத்தி எத வேணா கேளு, சொல்லும். அதயெல்லாம் உட்டுட்டு கம்ப்யூட்டரக் கேக்கறானுங்களே, இவனுங்க ஊட்டுல பொம்பளைங்க யாருக்கும் கல்யாணமே ஆவலயா, பேரு மாறலயா? படிச்சவங்க கூடி உக்காந்துக்கிட்டு இவ்வளவு நேரம் இதான் யோசிச்சாங்களா?

அப்ப எங்க ஊட்டுக்காரரு தோட்டத்துலேர்ந்து வந்தாரு. நடந்ததச் சொன்னா. எல்லாத்தயும் கேட்டுட்டு மனுசன் என்னா கேட்டாரு தெரியுமா? "என்னை சாருன்னா சொன்னாங்க?"

கையில இருந்த சொம்ப அவரு மேல வீசாம கீழ வச்சேன் பாருங்க, அது நான் செஞ்ச புண்ணியம்.

அடுத்த ஞாயித்துக்கெழம மாப்பிள்ள வந்தாரு. ஒரே பேராச் சேக்கணும்னா ஏதாவது ஒண்ண முடிவு பண்ணணும். எங்க ஊட்டுக்காரரு சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு வந்து உக்காந்தாரு, பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி. "எம்பேருலதான் நல்ல பேப்பரெல்லாம் இருக்குதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. மூத்த பேரு இருக்கறப்ப எதுக்கு மாத்தறது? அதயே வச்சிக்கட்டும்." ஸ்பீக்கர் போன்ல சம்மந்தியம்மா. "கெட்டிக் குடுத்த பொறவு எங்க பேருல இருக்கதுதான் மொறை, நாலு பேரு கேட்டா நாங்க என்ன சொல்லுவோம்?" மாப்பிள்ள போன மெள்ள எடுத்து, "அம்மா, பொறவு பேசுதேன்"னு கட் பண்ணிட்டாரு. அப்பறம் மாமனாரப் பாத்துச் சொன்னாரு.

"மாமா, எங்க கம்பெனில ஒரு பார்ட்டுக்கு ரெண்டு நம்பர் விழுந்துட்டுன்னா, ஸ்டோர்ல ரெண்டு பொருளுன்னு நெனச்சிக்கிடுவாவ. ஒத்த நம்பரா ஆக்கணும். எந்த நம்பருங்கத அவ சொல்லட்டும். நீங்களும் நானும் தண்ணில எறங்குனவங்க இல்லல்லா."

அவரு என்னாப்பா இதுன்ற மாதிரி என்னைப் பாத்தாரு. நான் மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வச்சேன்.

பொண்ணு அது வரைக்கும் குழந்தைக்குத் தல பின்னிக்கிட்டு இருந்தா. ரிப்பன முடிச்சி போட்டுட்டுத்தான் நிமுந்தா. "கடைசிக் கட்டத்துல எம்பேரயே போட்டுடறேன். முழுசா. மொதக் கட்டத்துல வேணும்னா உங்க ரெண்டு பேரோட எழுத்தும் புள்ளி வச்சி நிக்கட்டும்"னா.

எங்க ஊட்டுக்காரரு பதறிட்டாரு. "அந்தப் பேரா? ஒலகமே சிரிக்குமே."

"சிரிக்கணும்னா அவங்களுக்குத் தமிழ் தெரியணுமேப்பா"ன்னா.

நான் அவளச் சமையல் கட்டுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயி, வேற நல்ல பேரா ஒண்ணு வச்சிக்கயேன் கண்ணு, கெசட்டுல குடுத்தா மாத்திக்கலாமாமேன்னு சொன்னேன். "அந்தப் பேருலதாம்மா பேச்சு வாங்கினேன், அந்தப் பேருலதான் படிச்சேன். இப்ப நல்ல பேரு ஒருத்தி வந்து எல்லாத்தயும் வாங்கிக்கிட்டுப் போறதா? மூணாவது ஆளு எதுக்கு?"ன்னா. நான் எண்ணெச் சட்டிய எறக்கி வச்சேன்.

அப்பறம் மாசக்கணக்கா லெட்டர் போட்டா, கம்ப்யூட்டர்லதான். சில பேப்பர்க்காரங்க மாத்தித் தர்றேன்னாங்க. சிலரு பழசத் தொட மாட்டோம்னுட்டாங்க. ஆளுக்கு ஒரு நம்பர் இருக்குதாம், அதுல எல்லாத்தயும் கட்டிட்டா எந்தப் பேருல இருந்தாலும் ஒரே ஆளுன்னு தெரிஞ்சிடுமாம். ஒரே கயித்துல மாடுங்களக் கட்டற மாதிரின்னு எனக்குச் சொன்னா. இதான் விசயம்னா அந்தக் கயித்த இண்டர்வியூவுலயே அவனுங்க கட்டிப் பாத்திருக்கலாம் இல்ல? அதச் சொன்னா இவ சிரிக்கறா. ரெண்டாவது தடவ கூப்பிட்டாங்க. அதே ஆளுங்கதான். "ஓ, அவரு நீங்கதானா?"ன்னாராம் ஒருத்தரு. அவ்வளவுதான். திருடின்னு கேட்டியே, அதுக்கு ஒரு வார்த்த? இல்ல. டீ குடுத்தாங்களாம். வேலையும் குடுத்தாங்க. இப்ப ஓசூரு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பெங்களூரு வண்டியில நின்னுக்கிட்டே போறா, வர்றா. பேத்திய அழைச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஊடு வெறிச்சினு இருக்குது. ஆனா குழந்த இப்ப போனத் தேய்க்கறதில்ல.

டீக்கடையில "சயின்டிஸ்டு ரிட்டயர் ஆயிட்டாரு"ன்னு பேசிக்கறானுங்களாம். இவரு வேற டீக்கடை மாறிட்டாரு.

போன மாசம் லீவுக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. நான் அவரக்கொட்ட உரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறேன், பக்கத்துல பொண்ணு லேப்டாப்பு வச்சிக்கிட்டு ஒரு வெள்ளக்காரம்மாகிட்ட பேசறா. அந்தம்மாவும் புல்லுக்காரிதானாம், எங்கியோ தூர தேசத்துல. அது எழுதற பேப்பர்ல இப்ப 'போதும்பொண்ணும் மத்தவங்களும்'னுதான் போடுதாம். வாயில நொழையாம 'போடும் பன்னு, போடும் பன்னு'ன்னுச்சு. நான் இங்கேர்ந்தே, போதும்பொண்ணு, போதும்பொண்ணுன்னு சொல்லிக் குடுத்தேன். மூணு தடவயில புடிச்சிக்கிச்சு. நல்ல புள்ள. அப்பறம் அது என்னமோ கேட்டுச்சு. பொண்ணு என்னமோ சொன்னா. ஒடனே அந்தம்மா ரெண்டு கையயும் நெஞ்சில வச்சிக்கிட்டு, கண்ணெல்லாம் கசிஞ்சி, ஆகா ஓகோன்னுச்சு.

"என்னாடி சொன்ன?"

"பேருக்கு என்னா அர்த்தம்னு கேட்டாங்க. விருந்துல வயிறு நெறஞ்சவங்க, எலைக்கு மேல கைய மறிச்சி சொல்ற வார்த்தைன்னு சொன்னேன்."

எனக்குச் சுருக்குனு வந்துச்சு கோவம். "யாரு வயிறு நெறஞ்சி வச்ச பேருடி அது? எம்மாமியா விருந்து சாப்பிட்டுட்டா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க? துணிய வெலக்கிப் பாத்துட்டு மூடிட்டுப் போனாங்க. பொட்டப்புள்ள வேணாம்னு வச்ச பேரு. அப்பிடியே சொல்லு."

"உடும்மா. அவங்களுக்கு எதுக்கு அது? நல்லா இருக்குதுன்னு சந்தோசப்படறாங்க."

"எதுக்கா? இத்தன நாளு உங்கப்பன் பேரச் சொன்னாங்க, உம்புருசன் பேரச் சொன்னாங்க, இப்பத்தான் உன் பேரு வந்திருக்குது. அதயும் பொய்யாச் சொல்லுவியா? புல்லு செத்துப் போச்சின்னா செத்துப் போச்சின்னுதான எழுதற? பசு மேஞ்சிட்டுப் போயிருக்குதுன்னு மாத்தி எழுதறியா?"

நான் அந்த லேப்டாப்பு பக்கம் திரும்பி உக்காந்து, கையில அவரக்கொட்டையோட, அந்தம்மாவுக்கு நானே தமிழ்லயே சொன்னேன். மூணாவது பொண்ணு, ஆஸ்பத்திரி, மாமியா, வாத்தியாரு சிரிச்சது எல்லாத்தயும். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல, ஆனா மரியாதையாத் தலைய ஆட்டிக்கிட்டே கேட்டுச்சு. நான் முடிச்சிட்டு, இப்ப நீ சொல்லுன்னு பொண்ணப் பாத்தேன். அவ இங்கிலீசுல மெள்ள ஆரம்பிச்சா. எனக்கு இங்கிலீசு தெரியாது. அவ கூட்டறாளா, கொறைக்கறாளான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அதனால அவளப் பாக்கல. அந்த வெள்ளக்காரம்மா மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். மொதல்ல சிரிப்பு போச்சு. அப்பறம் நெஞ்சில வச்சிருந்த கைய மெள்ள எடுத்து கீழ வச்சிக்கிச்சு. சரி, ஒண்ணும் உடாம சொல்லிட்டான்னு தெரிஞ்சிது. நான் திரும்பி உக்காந்து மிச்சக் கொட்டைய உரிக்க ஆரம்பிச்சேன்.